கண்மாய்க்குப் பணம் வருகிறது, வரத்துக்காலுக்கு ஆள் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரை பிறந்தால் ‘கண்மாய்களைத் தூர்வார வேண்டும்’ என்று ஒரு செய்தி. கார்த்திகை முடிந்தால் ‘நல்ல மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை’ என்று இன்னொரு செய்தி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களைப் பற்றி இரண்டும் ஆண்டு தவறாமல் வருகின்றன. தூர்வாரிய கண்மாய் ஏன் நிறையவில்லை என்பதுதான் அநேகமாக எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

ஊர் எவ்வளவோ மாறிவிட்டது என்று பேச்செடுத்தால், ஓட்டு வீடு மெத்தை வீடானது, மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தது, இளவட்டங்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனது என்று அடுக்குவார்கள். எல்லாம் நல்லதுக்கு வந்த மாற்றங்களே. ஆனால் அவற்றில் பலவும் போகிற போக்கில் கண்மாய் வேலையிலிருந்து ஓர் ஆளைக் கழற்றிக்கொண்டு போயிருக்கின்றன. கரை கிடக்கிறது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை நிற்கிறது, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு இருக்கிறது. அவற்றோடு இருந்த ஆட்கள் இல்லை. வருகிற பணமெல்லாம் மண்ணுக்கு வருகிறது, ஆளுக்கு வருவதில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

முதலில் வரத்துக்கால். இங்குள்ள கண்மாய்களில் பல, வானம் பார்த்தவை. மேட்டில் விழும் மழை ஓடைகளாகச் சேர்ந்து, வரத்துக்கால் வழியாக உள்வாய்க்கு, அதாவது கண்மாயில் தண்ணீர் தேங்கும் பரப்புக்கு, வர வேண்டும். மேலே உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து. இப்படியே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போகும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயானாலும் சரி, ஒற்றை மடைக் குட்டிக் கண்மாயானாலும் சரி, வரத்து அடைபட்டால் அது வெறும் மேய்ச்சல் நிலம். வரத்துக்கால் ஓர் ஊருக்குள் ஓடி முடிவதில்லை. மூன்று நான்கு ஊர் எல்லையைத் தாண்டும், சில இடங்களில் ஒன்றிய எல்லையையும் தாண்டும். ஆனி, ஆடியில் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தக் கண்மாயில் பாயும் நிலத்துக்காரர்கள், நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்பி, மேலிருந்து கீழ் வரை முள்ளும் மண்ணும் வெட்டி எறிவது வழக்கம். வர முடியாதவர் ஒரு கூலி ஆளுக்கான காசைக் கொடுத்துவிடுவார். நிலத்துக்காரர் பாதிப்பேர் சென்னையிலும் கோவையிலும் இருக்கும்போது யாரிடம் ஆள் கேட்பது? கைப்பேசியில் கேட்டால் ‘இந்த வருஷம் நெல் போடலையே’ என்பதுதான் பதில்.

இதைவிடப் பெரிய அடைப்பு சாலையில் இருக்கிறது. மண்பாதை வரத்துக்காலைக் கடக்கும் இடத்தில் முன்பு தாம்போதி இருக்கும். பாதையையே தாழ்த்தி, தண்ணீரை அதன்மேல் ஓட விடுவது. மழைநாளில் வண்டி நிற்கும், தண்ணீர் நிற்காது. தார்ச்சாலை போட்டபோது சாலையை உயர்த்தி, அடியில் சிமென்ட் குழாய் பதித்தார்கள். சாலை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. குழாயின் அளவைப் பாருங்கள். பத்தடி அகல வரத்துக்காலில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் அதன் குறுக்குப் பரப்பு 20 சதுர அடி. 600 மில்லிமீட்டர் குழாயின் வாய் சுமார் 3 சதுர அடி. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத் தண்ணீர் சாலையோரமாகவே திரும்பி, பள்ளம் கண்ட இடத்துக்குப் போய்விடும்.

குழாய் சிறியதாக இருப்பதைக்கூடச் சகிக்கலாம். அது பதிந்திருக்கும் மட்டம்தான் ஆளைக் கொல்கிறது. காலின் தரையைவிட அரையடி மேலே குழாயை வைத்துவிட்டால், சின்ன மழைத் தண்ணீர் அந்த அரையடிக்குள் தேங்கி அங்கேயே வற்றும். கொண்டுவந்த மண்ணையும் அங்கேயே போட்டுவிடும். இரண்டு மழைக்காலத்தில் மேல்புறத் தரை குழாயின் மட்டத்துக்கு ஏறிவிடும். அப்புறம் குழாய்க்குள்ளும் மண் சேரும். குனிந்து பார்த்தால் பாதிக் குழாய் வண்டல், வாயில் பிளாஸ்டிக் பை, அதில் சிக்கிய கருவேல முள். மறுபக்கத்து வெளிச்சம் ஒரு சாண் உயரத்துக்குத்தான் தெரியும்.

சாலைக்கு அப்பால் நிலத்துக்காரரின் கொழு. உழும்போது ஆண்டுக்கு ஒரு சாண் உள்ளே போனாலும் இருபது ஆண்டில் பதினைந்தடி. புலப்படத்தில் அகலம் அளவோடு இருக்கும், நிலத்தில் வரப்பு மட்டும் இருக்கும். மனைப்பிரிவு போட்ட இடங்களில் வரப்பும் இல்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அது அன்றைய பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கானது. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. எண்ணிக்கையில் அவைதான் அதிகம், அந்தச் சட்டம் அவற்றுக்கு இல்லை.

அடுத்தது நீர்க்கட்டி, அதாவது கண்மாய்த் தண்ணீரைக் காத்துப் பங்கிடும் ஆள். மடைக்காரர், மடையர், நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். மழை இரவில் கரையைச் சுற்றுவது, மடையைத் திறந்து மூடுவது, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வரை வாய்க்காலோடு நடப்பது எல்லாம் அவர் வேலை. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து, யாருக்கு எத்தனை நாழிகை என்று பிரிப்பதும் அவர்தான். பங்காளிகள் தங்களுக்குள் பிரித்தால் அடிதடியாகும் என்பதால்தான் சொந்த நிலம் இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்தார்கள்.

அவருக்குக் கூலி நெல்லடிக்கும் களத்தில். ஏக்கருக்கு இத்தனை மரக்கால் அல்லது இத்தனை கதிர்க்கட்டு என்று ஊர்க் கணக்கு. விளைந்த வயலில்தான் படி கிடைக்கும் என்பதால், கடைமடை காயாமல் பார்ப்பதில் அவருக்கே ஆதாயம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நல்ல கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இதை உடைத்தது எந்த அரசாணையும் இல்லை, அறுவடை இயந்திரம். பெல்ட் வண்டி வயலில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஏக்கருக்கு முன்னப்பின்ன அறுத்து, அடித்து, நெல்லை நேராக டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடும். அங்கிருந்து கொள்முதல் நிலையம், 40 கிலோ மூட்டை, வங்கிக் கணக்கில் பணம். வைக்கோலையும் கட்டு போடும் இயந்திரம் சுருட்டிக்கொண்டு போகிறது. இந்த வரிசையில் களம் என்ற ஓர் இடமே கிடையாது. களம் இல்லாவிட்டால் படி அளக்கும் நேரமும் இல்லை, அளப்பவரும் இல்லை. ‘கணக்குப் பார்த்துக் காசாத் தர்றோம்’ என்றவர்கள் முதல் ஆண்டு கொடுத்தார்கள், இரண்டாம் ஆண்டு பாதி கொடுத்தார்கள். நீர்க்கட்டியின் பிள்ளை பனியன் கம்பெனிக்குப் போனதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்றை மறைக்கக் கூடாது. பல ஊர்களில் இந்த வேலை ஒடுக்கப்பட்ட சமூகத்தார் தலையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டிருந்தது. பாம்புக்கும் இடிக்கும் நடுவே ராத்திரியெல்லாம் கரையில் நடந்தவருக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் கிடையாது. ஊராரே கூடிக் கண்மாயைப் பராமரிப்பதைக் குடிமராமத்து என்று இன்று வாய் இனிக்கச் சொல்கிறோம். 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்காகப் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். ஆகவே பழையபடி ஊரை மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த வேலை இப்போதும் தேவைப்படுகிறது, அதற்குச் சம்பளம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆழ்துளைக் கிணறு ஊரை இரண்டாகப் பிரித்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. நிலத்தடி நீர் நன்றாக உள்ள இடங்களில் கிணறு வைத்தவருக்கு மடை தேவையில்லாமல் போனது. அதோடு நிற்கவில்லை. மடை திறந்தால் கண்மாய் சீக்கிரம் வற்றும், கண்மாய் வற்றினால் கிணறு வற்றும். எனவே மடையை மூடியே வைத்தால் அவருக்கு லாபம். ஆயக்கட்டில் நூறு பேர் இருந்து இருபது பேரிடம் மோட்டார் இருந்தால், கூட்டத்தில் அந்த இருபது பேர் சொல்தான் எடுபடும். கடற்கரைப் பக்கம் உப்புத் தண்ணீர், அங்கே இந்தப் பிரிவினை குறைவு. அந்தக் கண்மாய்களில்தான் இன்னும் ஓரளவு ஊர்க் கட்டுப்பாடு மிச்சமிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

இனி, எல்லோரும் கேட்கும் தூர்வாருதலுக்கு வருவோம். ஓர் ஏக்கர் உள்வாயில் ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 1,233 கன மீட்டர். வண்டல் எடுக்கும் அரசு விதியில் ஒரு டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் கணக்கு. ஆக 411 நடை. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 நடை வரை விவசாயி இலவசமாக எடுக்கலாம், புன்செய்க்கு 90 கன மீட்டர். இந்த ஓர் ஏக்கர் வண்டலை இறக்கவே பதினாறு ஏக்கர் நன்செய் வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு? நெற்பயிருக்கு விதைப்பு முதல் அறுப்பு வரை சுமார் 1,200 மில்லிமீட்டர், ஏறக்குறைய நான்கடி உயரத் தண்ணீர் வேண்டும். 411 நடை அள்ளிய பள்ளம் ஒருமுறை நிறைந்தால் கால் ஏக்கர் நெல்லுக்குக் காணும்.

இப்போது அந்தச் சாலைக் குழாய்க்குத் திரும்புங்கள். காலில் தண்ணீர் நொடிக்கு ஓர் அடி வேகத்தில் வருவதாகக் குறைத்தே வைப்போம். குழாய் வாங்காமல் திருப்பிவிடும் 17 சதுர அடித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 61,200 கன அடி. மேலே தண்ணீர் ஏறினால் குழாயில் வேகம் கூடும் என்று பொறியாளர் சொல்வார், சரி, பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் இரண்டு மணி நேர மழைத் தண்ணீரில் நாம் இழப்பது 411 டிராக்டர் நடைக்கு மேல். குழாயை மாற்றாமல் உள்வாயைத் தோண்டுவது, வாயைக் கட்டிக்கொண்டு வயிற்றைப் பெரிதாக்கும் வேலை.

தோண்டுவதிலும் தப்பு நடக்கிறது. வண்டி போக வர வசதி என்று கரையை ஒட்டியே தோண்டுகிறார்கள். கரையின் உட்புற அடியில் பள்ளம் விழுந்தால் கரை பிடிமானம் இழந்து சரியும், ஊறல் கூடும். மடையின் தளத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், வயலுக்கு உதவாது. சில இடங்களில் தரையில் படிந்த களிமண் அடுக்கைத் தாண்டிச் சரளை வரை போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்குத் தேங்கிய தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சப்படும். கண்மாய்ப் பள்ளம் சமமாக, மடையை நோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும். அங்கங்கே கிணறு மாதிரிக் குழி கிடந்தால் அது வண்டல் எடுத்த அடையாளம் அல்ல, யாரோ மண் விற்ற அடையாளம்.

எடுத்த மண்ணைக் கரையில் கொட்டிப் பொக்லைன் வாளியால் நாலு தட்டு தட்டினால் கரை பலப்படாது. பழைய கரையைக் கொத்திவிட்டு, முக்கால் அடிக்கு ஓர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்ட வேண்டும். அப்படிச் செய்யாத புது மண் முதல் ஐப்பசி மழையிலேயே உள்ளே வழிந்து, எடுத்த இடத்துக்கே போய்ச் சேரும். கரையில் சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். தூரோடு பிடுங்கினால் அந்தக் குழியை மண் போட்டு இடித்து மூட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே தண்ணீருக்குப் பாதை. விதை ஆட்டுப் புழுக்கையில் வந்து முளைக்கும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று மழைக்குப் பின்னும் கன்று பிடுங்க ஆள் வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த இரண்டாம் ஆண்டே இருக்காது.

கரையைச் சுற்றும் ஆள் எதைப் பார்ப்பார் என்பதையும் சொல்லிவிடலாம், தெரிந்தவர் குறைந்துவருகிறார்கள். வெளிப்புற அடியில் கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அது ஊறல், கவனித்து வந்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது. நண்டு வளையோ எலி வளையோ மக்கிய வேரோ காரணமாக இருக்கும். வெளிப்பக்கம் அடைத்துப் பயனில்லை. உள்பக்கம் சுழி தெரியும் இடத்தைப் பார்த்து அங்கே வைக்கோலும் களிமண்ணும் மூட்டையும் இறக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கண்டால் அடைக்கலாம். விடிந்து கண்டால் உடைப்புத்தான்.

மடைக்கும் இதே கதை. கல்தூண்களுக்கு நடுவே கழியில் மாட்டிய மரச்சக்கை கல்துளையில் இறங்கி உட்காரும் பழைய மடை, பார்க்கக் கரடுமுரடு. ஆனால் கெட்டால் ஊர்த் தச்சர் ஒரு நாளில் புதுச் சக்கை செதுக்கிவிடுவார். இப்போதுள்ள திருகு ஷட்டரில் தண்டு துரு ஏறும், கைப்பிடி களவு போகும். ஆவணியில் ஒருமுறை கிரீஸ் போட்டு ஏற்றி இறக்கிப் பார்த்தால் பத்து ஆண்டுக்குக் கவலையில்லை. போடாததால் கார்த்திகையில் இறுகி, கடப்பாரை போட்டு நெம்பி, தகடு வளைந்து, அப்புறம் மூடவே மூடாது. மூடாத மடை ஒன்று போதும், தை பிறக்குமுன் கண்மாய் காலி.

கலுங்கைப் பற்றிச் சுருக்கமாக. அதன்மேல் நட்ட கற்களுக்கு இடையே பலகையோ மண்ணோ வைத்து அடைத்துக் கூடுதல் தண்ணீர் பிடிப்பது, பெருமழை ஓய்ந்த பிறகு செய்ய வேண்டியது. முன்கூட்டி அடைத்தால் கரைக்கு ஆபத்து. உள்வாயில் பயிர் வைத்திருப்பவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கைத் தட்டிவிடுவதும் உண்டு. இரண்டையும் தடுக்க ஓர் ஆள் வேண்டும். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை எடுத்த மீன்பாசிக் குத்தகைக்காரர் அந்த ஆள் அல்ல. அவருக்கு வேறு கணக்கு.

2000-இல் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய ஒரு சட்டம் வந்தது, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வந்தன. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் பாசனக்காரர்களின் 10 விழுக்காடு பங்கோடு தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் இவை காசு செலவழிப்பது ஒரு கோடையில் முடிகிற வேலைக்கு. பில் பாஸானால் கோப்பு மூடிவிடும். புரட்டாசி முதல் மாசி வரை ஆறு மாதம் மடையோடு நிற்கும் ஆளுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. மீன்பாசிக் குத்தகைத் தொகையில் ஒரு பங்கை அந்தந்தக் கண்மாயின் நீர்க்கட்டிச் சம்பளத்துக்கு ஒதுக்கலாம். எந்தச் சமூகத்தாரும், ஆணோ பெண்ணோ விண்ணப்பிக்கும் வேலையாக, ஊராட்சி வழியாக வங்கிக் கணக்கில் மாதச் சம்பளமாகக் கொடுக்கலாம். ஒரு டார்ச் விளக்கு, ஒரு மழைக்கோட்டு, பாம்புக்கடிக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற தகவல், இவ்வளவும் சேர்த்து.

இன்னொரு கோரிக்கை. உள்வாயைத் தோண்ட மதிப்பீடு போடும் முன், நீர்வளத் துறையோ ஒன்றியமோ யாராக இருந்தாலும், வரத்துக்காலின் தலையிலிருந்து கண்மாய் வரை ஒருமுறை நடக்கட்டும். சாலைக் குழாய் ஒவ்வொன்றிலும் மட்டம் பார்க்கட்டும். பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயும் ஒரு டேப்பும் இரண்டு ஆளும் போதும். ஒரு முனையை ஐம்பதடி மேலே, காலின் தரையில் நட்ட குச்சியில் பிடிக்க வேண்டும், மறு முனையைச் சாலைக் குழாயின் வாயில். குச்சியில் காலின் தரையிலிருந்தும், வாயில் சாலைக் குழாயின் உள் அடியிலிருந்தும் தண்ணீர் நிற்கும் உயரத்தை அளக்க வேண்டும். குழாய் வாயில் அளந்தது குறைவாக இருந்தால் குழாய் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் அங்கே நின்றுவிடும். ஆடிக்குள் பார்த்தால் ஐப்பசிக்குள் குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலமோ தாம்போதியோ போட நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசனக்காரர்கள் சிலர்,
சிவகங்கை மாவட்டம்.